சம்பந்தமில்லாத முப்பத்தெட்டுப் பொருள்கள்

நான் ரிட்டயர் ஆகி ஒன்றரை வருஷம் ஆகிறது. போன மாதம் கப்பல் ஆபீஸில் நான் இருந்த பழைய கம்ப்யூட்டர் செக்‌ஷனிலிருந்து இரண்டு பெண்கள் அந்தமானில் சிப்பிகாட்டில் இருக்கும் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். இருவரும் புரோகிராமர்கள். சாஃப்ட்வேர் டிசைனுக்குப் புது யோசனை வேண்டுமென்றால் இப்போதெல்லாம் கம்ப்யூட்டரிடமே கேட்டுவிடுகிறார்களாம். ஒரு நிமிஷத்தில் நாற்பது யோசனை கொட்டுகிறதாம்.

"அந்த நாப்பதும் மெயின்லேண்டுக்குத்தான் மேடம் சரியா வருது. நம்ம கப்பலுக்கு ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது" என்றாள் ஒருத்தி. "நீங்க அப்ப எந்த டெக்னிக் வச்சு யோசிச்சீங்கன்னு எழுதித் தாங்க மேடம். புதுசா வர்றவங்களுக்குப் படிக்கக் குடுக்கறோம்."

டெக்னிக் என்றால் மூன்று பார்த்திருக்கிறேன். மூன்றையும் மெயின்லேண்டிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவர் எங்கள் வரதராஜன் சார். முதலாவதில் ஒன்றும் வரவில்லை, இரண்டாவதில் கலாட்டா வந்தது, மூன்றாவதில் கிட்டத்தட்ட போலீஸ் வந்தது. இதைப் படித்து யாருக்கு என்ன புத்தி வரப்போகிறதோ தெரியாது. கேட்டார்கள், எழுதுகிறேன்.

அதற்கு முன் மூன்றாம் நம்பர் ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அப்பா ராமநாதபுரத்திலிருந்து கொத்தனார் வேலைக்கு வந்து போர்ட் பிளேரில் தங்கிவிட்டவர். நான் பன்னிரண்டாவது முடித்ததும் ஃபீனிக்ஸ் பே பக்கம் கப்பல் டிக்கெட் கொடுக்கும் வேலை கிடைத்தது. ஜன்னல் என்று பெயர்தானே தவிர அது ஒரு பலகை. அதில் இடுப்பு உயரத்தில் அரை வட்டமாக ஒரு ஓட்டை. வெளியே நிற்பவருக்கு என் கை மட்டும் தெரியும். உள்ளே இருக்கும் எனக்கு அவருடைய வயிறு மட்டும் தெரியும். பதினோரு வருஷம் வயிறுகளைப் பார்த்து டிக்கெட் கொடுத்தேன். டிக்கெட் தீர்ந்துவிட்டால் அந்த ஓட்டை வழியாக வரும் திட்டு தமிழ், ஹிந்தி, பெங்காலி, தெலுங்கு என்று எல்லா பாஷையிலும் வரும். ஒருநாள் மீன் மார்க்கெட்டில் பக்கத்தில் நின்ற ஒருவர் என்னிடமே, "அந்த மூணாம் நம்பர்ல ஒரு பொம்பள இருக்கா பாருங்க, சரியான சிடுமூஞ்சி" என்று குறைப்பட்டுக்கொண்டார். "ஆமாங்க, இருக்கா" என்று சொல்லிவிட்டு நான் சூரை மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஓட்டையிலிருந்து தப்பிக்கத்தான் கம்ப்யூட்டர் படித்தேன். சாயங்கால வகுப்பு ஆறு மாதம், சென்னையில் இருபத்தோரு நாள் பயிற்சி, ஒரு பரீட்சை. மாடியில் புதிதாகத் தொடங்கிய கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு அனுப்பினார்கள். ஆனால் நிரந்தரமாக இல்லை. ஆர்டரில், "செக்‌ஷன் தேவைப்படும் வரை, அதன் பின் மூலப் பதவிக்குத் திரும்ப வேண்டும்" என்று ஒரு வரி இருந்தது. மூலப் பதவி என்றால் அந்தப் பலகை. அந்த வரியை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன்.

செக்‌ஷனில் ஷாஜி என்று ஒரு மலையாளிப் பையன், புரோகிராம் எழுதுவதில் கெட்டிக்காரன், எதைச் சொன்னாலும் "நடக்காது" என்பான். பிஸ்வாஸ் தாதா என்று ஒரு பெங்காலிப் பெரியவர், தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். எந்தக் கப்பல் எந்த வருஷம் எந்த ஜெட்டியில் இடித்தது என்று சொல்வார். அப்புறம் நான். எங்களுக்கு மேலே வரதராஜன் சார்.

சார் இரண்டு வருஷப் போஸ்டிங்கில் வந்தவர். முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் நாலு கலர் பேனா. யார் என்ன சொன்னாலும் "அருமை" என்பார். அதில் கிண்டல் கிடையாது, மனதார அருமை என்றுதான் நினைப்பார். ஒருநாள் பிஸ்வாஸ் தாதா, "சார், வயித்தால போகுது, வீட்டுக்குப் போறேன்" என்றார். "அருமை. அடுத்து?" என்றார் சார். வெள்ளைப் பலகையைத் தன் கைக்குட்டையால்தான் துடைப்பார். பத்து மணி வெயிலுக்கு அதே கைக்குட்டையால் முகத்தையும் துடைப்பார். மத்தியானத்துக்குள் நெற்றி நீலமாகவும் கன்னம் பச்சையாகவும் இருக்கும். அதை அவரிடம் சொல்லும் தைரியம் எங்கள் யாருக்கும் வந்ததில்லை. ஒருநாள் அப்படியே டைரக்டர் அறைக்குப் போய்விட்டு வந்தார்.

அவருடைய மீட்டிங்கில் "முடியாது", "நடக்காது" என்று சொல்லக் கூடாது. சொன்னால், யாருடைய யோசனையைப் பற்றிச் சொன்னோமோ அந்த யோசனை எழுதிய சீட்டின் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். எழுதியவரிடம் இல்லை, சீட்டிடம். ஷாஜி ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை சுவரைப் பார்த்து ஸாரி சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். எங்கள் தீவில் கப்பல் டிக்கெட் எப்போது கொடுப்பார்கள் என்பது கடலுக்கும் தெரியாது, ஆபீசுக்கும் தெரியாது. போர்டில் நோட்டீஸ் ஒட்டினால்தான் உண்டு. அதனால் ஜனங்கள் விடிந்ததும் வந்து வரிசையில் ஒரு சாமானை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். கல், செங்கல், குடை, ஒற்றைச் செருப்பு, காலி ஜெரிகேன் எதுவாகவும் இருக்கலாம். அந்தச் சாமான்தான் அவர். ஹட் பே போகிறவன் வைத்த கல்லை நிக்கோபார் போகிறவன் காலால்கூடத் தள்ள மாட்டான். காற்று மழை என்று கப்பல் ரத்தானால் கல் அங்கேயே இருக்கும், மறுநாள் அதே வரிசை. நான் ஜன்னலில் இருந்த காலத்தில் இதற்காக ஒரு சண்டை வந்ததில்லை.

பிறகு மெயின்லேண்ட் கம்பெனி ஒன்று செய்த டோக்கன் சாஃப்ட்வேரை வாங்கி மாட்டினார்கள். அது தினமும் காலையில் ஒன்றிலிருந்து தொடங்கும். நேற்று கப்பல் ரத்தாகி முதல் ஆளாக நின்றவர் இன்று முப்பதாவது ஆள். சும்மா இருப்பார்களா? கல் வைத்தவர்கள் ஒரு கட்சி, டோக்கன் எடுத்தவர்கள் ஒரு கட்சி என்று ஹாலில் தினமும் கைகலப்பு. டைரக்டர் எங்களைக் கூப்பிட்டார். மாதக் கடைசிக்குள் சண்டை வராத ஒரு வரிசை டிசைன் வேண்டும், இல்லையென்றால் வேலையை மறுபடி மெயின்லேண்ட் கம்பெனிக்கே கொடுத்துவிட்டு செக்‌ஷனை மூடிவிடலாம் என்றார். எல்லோரும் அவரவர் மூலப் பதவிக்குப் போகலாம் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் பார்த்தது ஃபைலை. எனக்கென்னவோ என்னைப் பார்த்த மாதிரியே இருந்தது. பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடப்போகிறதே என்று அந்த ஆர்டர் வரியை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

வரதராஜன் சார் கலங்கவில்லை. "மூணு வாரம் இருக்கு. மூணு டெக்னிக் இருக்கு" என்றார்.

முதல் வாரம், மனதில் பட்டதையெல்லாம் கொட்டுவது. சமையல்காரர் வைத்திருப்பது மாதிரி ஒரு சின்ன டைமர் வைத்திருந்தார். ஏழு நிமிஷம் ஓடும். அதற்குள் ஆளுக்கு இருபது யோசனை எழுதிக் கலர் சீட்டைச் சுவரில் ஒட்ட வேண்டும். நல்லது கெட்டது பார்க்கக் கூடாது. பிஸ்வாஸ் தாதா எழுதிய முதல் சீட்டு, "டோக்கன் எதுக்கு? கப்பலைப் பெருசாகக் கட்டு." சார் அருமை என்றார். போர்ட் பிளேர் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு அந்தச் சீட்டுகள் சுவரில் நிற்கவில்லை. ஒட்ட ஒட்ட உதிர்ந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானூறு யோசனைகளைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளினோம்.

இரண்டாவது வாரம், தலைகீழ் யோசனை. இருப்பதிலேயே மோசமான டிக்கெட் சாஃப்ட்வேர் எப்படி இருக்கும் என்று யோசித்து எழுத வேண்டும். பிறகு அதைத் திருப்பிப் போட்டால் நல்லது கிடைக்கும் என்றார் சார். எங்கள் செக்‌ஷனில் எல்லோரும் மனதார ஈடுபட்ட ஒரே வேலை அதுதான். அனுபவம் அப்படி. "கப்பல் போன பிறகு டிக்கெட் கொடுக்க வேண்டும்", "பெயர் கேட்டு, மாமியார் பெயர் கேட்டு, மறுபடி பெயர் கேட்க வேண்டும்" என்று எழுதித் தள்ளினோம். ஷாஜி அன்று ஒரு தடவைகூட நடக்காது என்று சொல்லவில்லை. அவன் ஹிந்தியில் பெரிய எழுத்தில், "டிக்கெட் வாங்க உறவினர் கல்யாணப் பத்திரிகை அவசியம். பழைய பத்திரிகை செல்லாது" என்று எழுதிச் சீட்டை ஒட்டினான்.

ஜன்னல் திறந்திருந்தது. கடல் காற்று அடித்தது. மாடியிலிருந்து நாலைந்து சீட்டு கீழே போய்விட்டது. நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை டிக்கெட் ஹாலில் மூன்று பேர் கல்யாணப் பத்திரிகையோடு நின்றார்கள். நான்காவது ஒருவர் பத்திரிகை இல்லை என்று மச்சினனையே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, பத்திரிகை இன்னும் அச்சடிக்கவில்லை, மாப்பிள்ளையை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சாருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா தனலட்சுமி, ஒரு யோசனை எவ்வளவு தூரம் போகுது" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, மாதத்தில் பத்து நாள்தான் மிச்சம் என்ற நினைப்பும் வந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது மூன்றாம் நம்பர் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

மூன்றாவது டெக்னிக்கின் பெயர் சம்பந்தமில்லாத பொருள் முறை. பிரச்சினைக்கு எந்தத் தொடர்பும் இல்லாத ஏதோ ஒரு பொருளை முன்னால் வைத்துக்கொண்டு, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்க வேண்டும். மூளை குளிர்ச்சியாக இருக்கும்போது செய்ய வேண்டும் என்று சார் காலை எட்டு மணிக்கே வரச் சொல்லியிருந்தார். ஜன்னல்கள் ஒன்பதுக்குத்தான் திறக்கும். நானும் ஷாஜியும் பிஸ்வாஸ் தாதாவும் மாடியில் காத்திருந்தோம். சார் இரண்டு சாக்குப் பைகளை மாடிப்படியில் இழுத்துக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"என்ன ஊருங்க இது தனலட்சுமி. பொருளுக்கு எங்க போறதுன்னு நேத்து பூரா யோசிச்சேன். இங்க கீழ ஹால்லயே, யாருக்கும் வேண்டாத சாமான் எவ்வளவு கிடக்கு. அதுவும் என்ன நேர்த்தி, ஒண்ணு பின்னால ஒண்ணா."

பையைக் கவிழ்த்தார். மேஜையில் கற்கள் உருண்டன. சிவப்புக் குடை ஒன்று. மஞ்சள் ஜெரிகேன். அரைச் செங்கல். முழுத் தேங்காய். ஒற்றைச் செருப்புகள். குழந்தை தள்ளுவண்டியின் சக்கரம். மொத்தம் முப்பத்தெட்டு என்று அவரே எண்ணிச் சொன்னார்.

ஷாஜி வாயில் கையை வைத்துக்கொண்டான். பிஸ்வாஸ் தாதா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அன்று ஹட் பே கப்பல். முப்பது டிக்கெட்தான் இருக்கிறது என்று முந்தின நாளே நோட்டீஸ் போட்டிருந்தார்கள்.

"சார்" என்றேன். "இது சாமான் இல்ல சார். இது முப்பத்தெட்டு பேரு."

"அருமை" என்றார் சார். ஒரு சீட்டை எடுத்து, "பொருள் என்பது பயணி" என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, "அடுத்து?" என்றார்.

அடுத்தது கீழேயிருந்து வந்தது. டீக்கடையிலிருந்து திரும்பியவர்கள் வெறும் தரையைப் பார்த்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தை நான் பதினோரு வருஷத்தில் கேட்டதில்லை. விஷயத்தைச் சொன்னதும் சாருக்கு முகம் வெளிறியது, அதாவது நீலம் போக மீதி இடம். இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு ஓடினார். ஆனால் திருப்பிக் கொடுத்து என்ன செய்ய? சாமான் வந்துவிட்டது, வரிசை வரவில்லை. எது முன்னால் எது பின்னால் என்று சாருக்குத் தெரியாது. பொதுமக்களைக் கேட்டால் முப்பத்தெட்டுப் பேரும் முதல் ஆள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. யாரோ சாரின் சட்டைக் காலரைப் பிடித்துக் கிழித்துவிட்டார்கள். அவர் அப்போதும், "உங்க கோபம் புரியுது, அருமை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு என்ன தோன்றியதோ, நேராக மூன்றாம் நம்பருக்கு உள்ளே போனேன். எனக்குப் பதிலாக அங்கே இருந்த பெண்ணை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஓட்டை வழியாகக் கையை நீட்டி, வெளியே தொங்கும் மணியை அடித்தேன். பலகையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. உள்ளேயிருந்து கை வந்துவிட்டால் வெளியே சத்தம் நிற்கும்.

"ஒவ்வொருத்தரா வாங்க. உங்க நம்பர் எனக்கு வேண்டாம்" என்றேன். "உங்களுக்கு முன்னாடி என்ன சாமான் இருந்துச்சு? அது மட்டும் சொல்லுங்க."

கல் வைக்கப் போகிறவன் என்ன செய்வான்? முன்னால் இருப்பதைப் பார்த்து அதை ஒட்டி வைப்பான். தன் இடத்தைப் பற்றி எல்லோரும் பொய் சொன்னார்கள். முன்னால் இருந்த சாமானைப் பற்றிப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"எனக்கு முன்னுக்கு மஞ்ச ஜெரிகேன் இருந்திச்சுங்க" என்றார் ஹட் பேயில் எஸ்டேட் வேலை பார்த்த ஒரு பெரியவர். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"உங்க சாமான் எது பெரியவரே?"

"தேங்காய். ஆனா அதைத் திருப்பிக் குடுக்கிறப்ப கீறல் இருந்திச்சு. உங்க ஐயா போட்டுட்டாரு போல."

ஷாஜி மாடியிலிருந்து எடுத்து வந்த கலர் சீட்டில் ஆளுக்கு ஒன்று. சீட்டில் அவருடைய சாமான், கீழே முன்னால் இருந்த சாமான். தேங்காய்ச் சீட்டின் தலையை ஜெரிகேன் சீட்டின் வாலில் ஒட்டினேன். ஜெரிகேன் சொன்னது குடையை. குடை சொன்னது ஒரு வெள்ளைக் கல்லை. சுவரில் நிற்காத சீட்டு ஒன்றோடொன்று நன்றாக ஒட்டியது. முக்கால் மணி நேரத்தில் அந்தச் சங்கிலி மேஜையிலிருந்து தரைக்கு இறங்கிவிட்டது.

ஒரே ஒரு இடத்தில் சிக்கல். அரைச் செங்கல் என்னுடையது என்று இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பேசாத ஆள், பிளம்பர். இன்னொருவர் நன்றாகப் பேசுகிற ஆள், மரக்கடை வைத்திருப்பவர். இருவருமே முன்னால் குக்கர் மூடி என்று சரியாகச் சொன்னார்கள். கடைக்காரர் சாட்சிக்கு மனைவியையும் கொண்டுவந்துவிட்டார். "இவ எனக்குப் பின்னாடிதான் நின்னா, கேட்டுப் பாருங்க" என்றார். ஓட்டையில் ஒரு பச்சைப் புடவை வயிறு வந்து நின்றது.

"ஏம்மா, இவருக்குப் பின்னாடி நின்னீங்களா?"

ஒரு எண்ணெய்க் கை வந்து புடவையில் துடைத்துக்கொண்டது.

"இருபத்திரண்டு வருஷமா இந்த ஆளுக்குப் பின்னாடி நின்னாச்சு மேடம். இன்னைக்கு ஒரு நாள் நிக்கல. டீக்கடைல உக்காந்து பஜ்ஜி தின்னுக்கிட்டு இருந்தேன். அந்தச் செங்கல் இவரோடது இல்ல, அந்தத் தம்பியோடது."

ஹாலே சிரித்தது. கடைக்காரர் முப்பத்தெட்டாவது ஆள் ஆனார். அவருடைய உண்மையான சாமான் ஒரு காலி சிமெண்ட் பை. அது சார் கையிலிருந்து காற்றில் பறந்து அப்போது நோட்டீஸ் போர்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. முப்பது டிக்கெட்டும் கொடுத்து முடித்தேன். மீதி எட்டுப் பேர் தங்கள் சாமானை ஒழுங்காக வரிசையாக வைத்துவிட்டு அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கப் போனார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை.

மாடிக்கு வந்ததும் ஷாஜி அந்தச் சீட்டுச் சங்கிலியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான். "சேச்சி, இதான் டிசைன்" என்றான். நம்பரே வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனக்கு முன்னால் யார் என்பது மட்டும் போதும். ஒருவர் விலகினால் அவருக்குப் பின்னால் இருப்பவரை முன்னால் இருப்பவரோடு சேர்த்துவிடு. கப்பல் ரத்தானால் சங்கிலி அப்படியே இருக்கட்டும், மறுநாள் தொடரட்டும். நாலு நாளில் அவன் புரோகிராம் எழுதிவிட்டான்.

டைரக்டர் வந்து பார்த்தார். தலையாட்டினார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "சரி, முன்னாடி யாருன்னு ஒவ்வொருத்தரையும் கேட்டு எழுதறது யாரு? அதுக்கு அனுபவம் உள்ள ஆள் வேணுமே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அன்னைக்கு இவங்கதான் மூணாம் நம்பர்ல உக்காந்தாங்களாமே" என்றார் டைரக்டர். "அவங்களையே போட்டுடுங்க. செக்‌ஷனும் இருக்கட்டும்."

செக்‌ஷனைக் காப்பாற்றியாகிவிட்டது, என்னைத் தவிர. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அன்றுதான் அனுபவித்துப் பார்த்தேன். டைரக்டர் போனதும், "என்னால முடியாது சார்" என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. சார் எந்தச் சீட்டிடமும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அருமை என்றும் சொல்லவில்லை. அவர் அருமை சொல்லாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். அதிலிருந்த நாலு கலரையும் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"மூணு நாள் டயம் வாங்கறேன் தனலட்சுமி" என்றார். "ரெண்டாவது டெக்னிக்கை நீங்க மட்டும் தனியா போட்டுப் பாருங்க. ரொம்ப மோசமானது எதுன்னு எழுதுங்க. திருப்பிப் போடுங்க."

ரொம்ப மோசமானது எது என்று யோசிக்க எனக்கு ஏழு நிமிஷம் வேண்டியிருக்கவில்லை. சிப்பிகாட் பஸ்ஸில் உட்கார்ந்து டிக்கெட்டின் பின்புறம் எழுதினேன். "நான் ஜன்னலில் உட்கார்ந்து எல்லோரையும் கேட்பது." திருப்பிப் போட்டால்? ஜன்னலில் யாரும் இல்லை. யாரும் கேட்பதில்லை. அப்படியென்றால் ஜனங்கள் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அட, ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள். எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் ஹாலுக்குள் வந்ததும் முதலில் கேட்பது, "ஆக்ரி கௌன் ஹை?" கடைசி ஆள் யார் என்று அர்த்தம். கடைசி ஆள் கையைத் தூக்குவார். வந்தவன் அவருக்குப் பின்னால் கல்லை வைப்பான். முன்னால் இருப்பவர்தான் பின்னால் வருபவருக்குச் சாட்சி. நடுவில் நான் எதற்கு?

மறுநாள் ஒரு காகிதத்தைக் கிழித்துக் காட்டினேன். டோக்கனை இரண்டு பாதியாக அச்சடிக்க வேண்டும். மேல் பாதி உனக்கு. கீழ்ப் பாதி உனக்குப் பின்னால் வருபவனுக்கு. கடைசி ஆள் யார் என்று கேட்டு வருபவனிடம் அதைக் கிழித்துக் கொடு. அவன் மெஷினில் காட்டினால் அவனுக்கு ஒரு டோக்கன் வரும், அதற்கும் ஒரு கீழ்ப் பாதி இருக்கும்.

"கீழ்ப் பாதியைக் காசுக்கு வித்துட்டா?" என்றான் ஷாஜி.

"அவனோட இடத்தை விக்க முடியாது. அவனுக்குப் பின்னாடி இருக்கற இடத்தைத்தான் விக்கணும். அது சும்மாவே கிடைக்குமே, எவன் வாங்குவான்?"

"கீழ்ப் பாதியோட வீட்டுக்குப் போயிட்டா?" என்றார் பிஸ்வாஸ் தாதா.

"அரை மணி நேரம் பாத்துட்டு மெஷினே புதுசா ஒரு பாதி போட்டுக்கும் தாதா."

ஷாஜி வாயைத் திறந்தான். நடக்காது என்று சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். "நடக்கும்" என்றான். அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததற்கு அவனே கொஞ்சம் பயந்துவிட்டான்.

நடந்தது. முதல் வாரம் ஜனங்கள் டோக்கனை எடுத்து, அதைக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அதனால் என்ன, வரிசை கலையவில்லை. இரண்டு மாதம் மழையும் காற்றும் ரத்துமாகப் போயும் ஹாலில் சண்டை இல்லை. வரதராஜன் சார் தன் ரிப்போர்ட்டில் மூன்று டெக்னிக்கும் முழு வெற்றி என்று எழுதினார். சம்பந்தமில்லாத பொருள் முறையை விளக்கச் சொல்லி மெயின்லேண்டில் இரண்டு இடத்தில் கூப்பிட்டார்களாம். காலர் கிழிந்ததை எழுதினாரா என்று தெரியாது. மனுஷர் நல்ல மனுஷர், அதையும் அருமை என்றுதான் எழுதியிருப்பார்.

என்னைப் பற்றிய ஆர்டர் ஒரு திங்கட்கிழமை வந்தது. டிக்கெட்டுக்கு மற்ற ஜன்னல்கள் போதும், மூன்றாம் நம்பர் மூடப்படும், அந்தப் பதவி ரத்து, அதை மூலப் பதவியாகக் கொண்ட தனலட்சுமி செக்‌ஷனிலேயே நிரந்தரம் என்று இரண்டே வரி. நான் திரும்பிப் போவதற்கு இனி அப்படி ஒரு இடமே கிடையாது. மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை ஷாஜியிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன்.

அன்று பகல் சாப்பாட்டு நேரத்தில் கீழே சுத்தியல் சத்தம் கேட்டது. டிஃபன் டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டு இறங்கிப் போனேன். கார்பெண்டர் ஒரு பலகையை ஓட்டைக்கு மேல் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எதுக்கு மேடம் தூசில நிக்கிறீங்க? மேல போங்க, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

"பரவால்ல, நீங்க அடிங்க" என்றேன். கடைசி ஆணி வரைக்கும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.